ஒன்பது மீன்களின் காலைப் பயணம்

காவிரிக் கரையில் ஓர் ஆசிரியை இருந்தார். அவருக்கு ஒரே ஒரு மாணவர். ஆசிரியைக்கு வயது நாற்பத்திரண்டு. மாணவருக்கு ஐம்பத்தொன்று.

ஆசிரியையின் பெயர் பூங்கோதை. அவர் கல்லூரியில் விலங்கியல் படித்த காலத்தில் அவருக்குப் பாடம் நடத்தியவரே இந்த மாணவர், குணசீலன். பூங்கோதை மேலே படித்து, மீன் ஆராய்ச்சியில் பெயர் வாங்கி, காவிரி மலைக்குள் நுழைகிற இடத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் பொறுப்பாளராக வந்துவிட்டார். குணசீலன் அதே கல்லூரியில் அதே கரும்பலகையோடு இருந்துவிட்டார். டாக்டர் பட்டம் இல்லாமலே ஓய்வு பெற்றுவிடுவோமோ என்ற குறுகுறுப்பு அவருக்கு நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகுதான் வந்தது. பழைய மாணவியிடமே ஆராய்ச்சி மாணவராகப் பதிவு செய்துகொண்டார்.

அவர் இவரை "சார்" என்பார். இவர் அவரை "மேடம்" என்பார். கேட்பவர்களுக்கு யார் யாருக்கு ஆசிரியர் என்று புரிவதற்குள் பேச்சு முடிந்துவிடும்.

குணசீலனுக்கு இரண்டு விஷயங்கள் தெரியாது. ஒன்று நீச்சல். இன்னொன்று ஓரிடத்தில் உட்காருவது. வகுப்பில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டேதான் பாடம் நடத்துவார். நின்றால் கால் ஆடும். கால் நின்றால் பைக் சாவி விரலில் சுற்றும்.

பதிவு செய்த அன்று பூங்கோதை அவருக்கு ஒரே ஒரு கேள்வி கொடுத்தார்.

"கெண்டை எங்க வாழுது சார்? கண்டுபிடிங்க."

சாதாரணக் கெண்டை இல்லை. ஆற்றின் ஆழத்தில் இருக்கும் பெருங்கெண்டை. ஒவ்வொரு செதிலும் உள்ளங்கை அகலம் இருக்கும். குணசீலன் ஒன்பது மீன்களைப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் வயிற்றையும் கொஞ்சம் கீறி, சுண்டுவிரல் அளவு ரேடியோக் கருவியை உள்ளே வைத்துத் தைத்து, மறுபடி ஆற்றில் விட்டார். கருவி "டிக், டிக்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மேலே ரிசீவரும் ஆன்டெனாவும் வைத்திருப்பவர் காதில் அது விழும். கிட்டே இருந்தால் பலமாக, தள்ளிப் போனால் மெலிதாக.

கல்லூரியில் விடுப்பு வாங்கிக்கொண்டு பதினான்கு மாதம் மாதையன் என்பவரின் பரிசலில் அந்த "டிக்"குக்குப் பின்னால் அலைந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆசிரியையின் அறைக்குள் வந்தார்.

"முடிஞ்சுது மேடம். கையெழுத்து போட்டீங்கன்னா ரெண்டு வேலையும் முடிஞ்சுரும்."

இரண்டு வேலைக்கும் வேண்டியது உண்மையில் ஒரே வரைபடம்தான். ஒன்று, அவருடைய ஆய்வேடு. மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும். ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, இனி கிடையாது. இன்னொன்று, வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீசில் நடக்கப்போகிற கூட்டம்.

ஆற்றில் அந்தப் பக்கத்தில் இரண்டு மடுக்கள் இருந்தன. பரிசல் துறைக்குச் சற்று மேலே உரல்மடு. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் மேலே சேலைமடு. சேலைமடுவின் கரையில் பதினேழு வீடுகள். அந்த மடுவில் மீன் பிடித்துத்தான் அவர்கள் பிழைப்பு. மாவட்டத்தில் ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். ஒரு மடுவை மீன்களுக்கென்று மூடிவிடுவது, அங்கே யாரும் வலை போடக் கூடாது. இன்னொரு மடுவில் சுற்றுலாக்காரர்களுக்கு மோட்டார் படகு விடுவது. எதை மூடுவது, எதில் படகு விடுவது? மீனைக் கேட்க முடியாது. குணசீலனைக் கேட்டார்கள்.

பூங்கோதை வரைபடத்தை மேஜையில் விரித்தார். ஆறு நீல நிறத்தில் வளைந்து கிடந்தது. அதன்மேல் இரண்டாயிரத்துக்கும் அதிகமான சிவப்புப் புள்ளிகள். துறைக்குப் பக்கத்தில் ஆரம்பித்து, மேலே போகப்போக அடர்ந்து, சேலைமடுவில் அம்மைபோட்டமாதிரி நிறைந்திருந்தன. தலைப்பில் பெரிய எழுத்தில் "பெருங்கெண்டையின் காலை இடம்பெயர்வு" என்று இருந்தது.

"தினமும் பத்து மணிக்குக் கிளம்புது மேடம். பதினொன்றரைக்கெல்லாம் சேலைமடு வந்துருது. ஒன்பதும். கூட்டமா. இரை எடுக்கறதுக்குத்தான் போகுதுன்னு எழுதியிருக்கேன். அப்ப சேலைமடுதான் அதோட இடம். அதைத்தான் மூடணும்."

"திரும்பி எப்ப வருது?"

"ராத்திரியில வந்தாகணும். காலையில உரல்மடுவுல இருக்கே."

"வர்றதைக் கேட்டீங்களா?"

"ராத்திரியில பரிசல் எடுக்க மாதையன் ஒத்துக்கலை. முதலை இருக்காம்."

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை நான் ஊருக்குப் போயிருவேனே."

பூங்கோதை தலையாட்டினார். பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடினார்.

குணசீலனின் சாவி விரலில் வேகமாகச் சுற்றியது.

"என்ன மேடம்? ஏதாவது தப்பா?"

"எங்க தெருவுக்கு ஒரு தபால்காரர் வருவார் சார்," என்றார் பூங்கோதை. "ரொம்ப நல்ல மனுஷர். எப்ப பார்த்தாலும் ஒண்ணே ஒண்ணு சொல்லுவார். 'இந்தத் தெரு நாய்ங்க மாதிரி நான் எங்கயும் பாத்ததில்லை, இருபத்துநாலு மணி நேரமும் குரைச்சுக்கிட்டே இருக்குதுங்க'ன்னு."

குணசீலன் காத்திருந்தார். கதை அவ்வளவுதான் என்று தெரிந்தது.

"அதுக்கும் இதுக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

"நாளைக்குப் பரிசல் வேண்டாம் சார். உரல்மடுப் பாறை மேல உக்காருங்க. காலையில ஏழு மணிக்கு. சாயந்திரம் அஞ்சு வரைக்கும். ரிசீவர் மட்டும் வச்சுக்கங்க."

"மீன் சேலைமடுவுக்குப் போகும். நான் உரல்மடுவுல உக்காந்து என்ன பண்ண?"

"போனா, போச்சுன்னு எழுதுங்க. நான் கையெழுத்து போட்டுடறேன்."

தனக்கும் கையெழுத்துக்கும் இடையில் ஒரே ஒரு பகல்தானே என்று குணசீலன் சமாதானம் செய்துகொண்டார். ஆனாலும் அன்று மாலைவரைக்கும் அந்தத் தபால்காரர் அவரை விடவில்லை. மேடம் கிண்டல் செய்கிறாரோ? வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்த பெண், இப்போது நமக்கு நாய்க்கதை சொல்கிறாள் என்று மனசுக்குள் கொஞ்சம் கசந்தது.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் பாறையில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். ரிசீவரைத் திருப்பினார். ஒன்றாம் எண் மீன், "டிக், டிக்", பலமாக. இரண்டாம் எண், பலமாக. ஒன்பதும் மடுவுக்குள்தான் இருந்தன. சரிதான், இன்னும் பத்து மணி ஆகவில்லையே.

எட்டு மணிக்கு எழுந்தார். உட்கார்ந்தார். ஒன்பது மணிக்குப் பாறையைச் சுற்றி வந்தார். எறும்பு கடித்தது. சாவியைச் சுற்றினார், அது கை நழுவிப் பாறை இடுக்கில் விழுந்தது. குச்சி வைத்து எடுப்பதற்குள் கால் மணி நேரம் போனது. அந்தக் கால் மணி நேரம்தான் அவருக்கு அன்று நிம்மதியாகக் கழிந்தது.

பத்து மணி ஆயிற்று. காதை ரிசீவரில் வைத்துக்கொண்டார். இப்போது சத்தம் மெலிய வேண்டும்.

மெலியவில்லை.

பத்தரை. பதினொன்று. "டிக், டிக்" அதே இடத்தில், அதே பலத்தில். நடுவில் ஒரு மீன் மடுவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. அவ்வளவுதான்.

பதினொன்றரைக்கு அவருக்கு வியர்த்தது. பேட்டரியை மாற்றினார். ஆன்டெனாவை வேட்டியால் துடைத்தார். அமாவாசையா என்று பையிலிருந்த சின்னக் காலண்டரைப் பார்த்தார், இல்லை. தண்ணீர் குளிர்ந்துவிட்டதா என்று கைவிட்டுப் பார்த்தார், எப்போதும் போலத்தான் இருந்தது. ஒன்பதும் ஒரே நாளில் நோய்வாய்ப்பட்டுவிட்டனவோ? செத்தே போய்விட்டனவோ? செத்த மீன் எப்படி இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போகும்?

கருத்தரங்கில் அவர் இந்தக் காலை இடம்பெயர்வைப் பற்றிப் பேசியபோது கைதட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்று தட்டினார். அந்தச் சத்தம் இப்போது நினைவுக்கு வந்தது.

மூன்று மணிவரைக்கும் தாக்குப்பிடித்தார். அதற்கு மேல் முடியவில்லை. ரிசீவரைத் தோளில் மாட்டிக்கொண்டு துறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

மாதையன் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அடியில் தார் பூசியது காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சேலைமடுக்காரர். பதினான்கு மாதமாகக் குணசீலனுக்குப் பரிசல் போட்டவர்.

"இன்னிக்கு நீங்க வரமாட்டீங்கன்னு மேடம் சொன்னாங்களே சார்."

"வந்துட்டேன்ல. எடுப்பா பரிசலை."

"இப்பவா?"

"இப்பத்தான்."

மாதையன் வழக்கம்போல அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். வழக்கம்போலக் குணசீலன் நடுவில் குந்தி, ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆன்டெனாவைத் தூக்கினார். வழக்கம்போலத் துடுப்பு தண்ணீரில் "தப்" என்று விழுந்தது. பரிசல் ஓரத் தண்ணீரில் மேல்நோக்கி நகர்ந்தது. "தப்". "தப்".

உரல்மடுவை நெருங்கும்போது முதல் மீனின் சத்தம் மெலிந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றாக, பரிசலுக்கு முன்னால், மேலே, சேலைமடு இருக்கும் பக்கமாக.

குணசீலனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"போகுது மாதையா! போகுது! ஒண்ணும் ஆகலை! எல்லாம் உசுரோட இருக்கு!"

மாதையன் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பரிசலில் சார் வாய் திறந்ததே இன்றுதான்.

"போவாதுங்களா சார் பின்ன? தட்டறனே."

"என்னத்தைத் தட்டற?"

"தண்ணியத்தாங்க."

"அது துடுப்புப் போடறதுதானே?"

மாதையன் சிரித்துவிட்டார். உடனே அடக்கிக்கொண்டார். "துடுப்புப் போட்டாச் சத்தம் வராதுங்க சார். இங்க பாருங்க." துடுப்பைச் சரித்துத் தண்ணீருக்குள் விட்டு இழுத்தார். பரிசல் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. "இது துடுப்பு." பிறகு துடுப்பை உயர்த்தி அதன் அகலத்தால் தண்ணீரை அறைந்தார். "இது தட்டு."

"எதுக்குத் தட்டற?"

"முதலைக்குங்க. மொத நாளே சொன்னீங்கல்ல, நீச்சல் தெரியாதுன்னு. கையப் புடிச்சு ஏத்தறப்ப உங்க கை நடுங்குச்சு. தட்டிக்கிட்டே போனா முதல கிட்ட அண்டாதுங்க. நான் தனியாப் போறப்பத் தட்டமாட்டேன். நீங்க இருந்தா, தொறையில ஆரம்பிச்சு எறங்கற வரைக்கும் தட்டுவேன்."

குணசீலன் ஆன்டெனாவைக் கீழே இறக்கினார்.

"மீனுக்கு அது கேக்காதா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க. கோடையில நாங்க மீன் ஓட்டறதே இப்படித்தானுங்களே. நாலு பரிசல் வரிசையாத் தட்டிக்கிட்டே வரும். மீனு முன்னால ஓடிப்போயி சேலமடு வாயில கட்டியிருக்கற வலையில விழும். தட்டுச் சத்தம் கேட்டா அதுங்க நிக்கவே நிக்காது."

"இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"பேசக் கூடாதுன்னீங்களே சார். பரிசல்ல ஏறினா எறங்கற வரைக்கும் வாயத் தொறக்காத, மெசின் சத்தம் கேக்காதுன்னு."

உண்மைதான். முதல் வாரத்திலேயே அப்படிச் சொல்லியிருந்தார். கொஞ்சம் அதட்டலாகவே சொல்லியிருந்தார். பதினான்கு மாதமாக அந்த மனிதர் அதைக் காப்பாற்றியிருக்கிறார்.

"நாம போகாதப்ப மீன் எங்க இருக்கும்?"

"உரல்மடுவுலதாங்க. வேற எங்க போவுது? அங்கதான் பாறைக்கு அடியில கொகை மாதிரி எடம் இருக்கு."

தபால்காரர் அப்போதுதான் குணசீலனுக்குப் புரிந்தார். ஆற்றுக்கு நடுவில் அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

பரிசல் சேலைமடுவுக்குப் பாதி தூரத்தில் இருந்தது. மாதையன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார். வாயைத் திறக்க அனுமதி கிடைத்துவிட்ட தைரியத்தில் அவரும் ஒன்று கேட்டார்.

"சார், சேலமடுவ மூடப் போறாங்களாமே. நெசங்களா?"

குணசீலன் ரிசீவரின் சத்தத்தைக் குறைத்தார்.

"உங்க மெசின் அப்படிச் சொல்லிருச்சுன்னாங்க. மெசின் சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எம் மச்சான் கரும்பு வெட்டப் போறான். நானும் போயிர வேண்டியதுதான். பரிசல விக்கணும், வாங்கறதுக்குத்தான் ஆள் இல்ல."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் குணசீலன் தாங்கியிருப்பார். இல்லை. தன்னைக் காப்பாற்றுவதற்காகத் தட்டியவர் தன் மடுவையே தட்டித் தொலைத்திருக்கிறார், அது அவருக்குத் தெரியக்கூட இல்லை. குணசீலன் வெட்கத்தில் தலை குனிந்தார். இப்படி ஒரு வெட்கத்தை அவர் ஐம்பத்தொரு வருஷத்தில் பட்டதில்லை.

"திருப்பு மாதையா. தட்டாம."

"முதல சார்..."

"இருக்கட்டும். தட்டாதே."

பரிசல் சத்தமில்லாமல் கீழே இறங்கியது. குணசீலன் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உரல்மடுவின் ஓரத்தில், நாணல் மறைவில் மாதையன் பரிசலை ஒதுக்கினார். இருவரும் காத்திருந்தார்கள்.

முதலில் ஒன்றுமில்லை. வெறும் இரைச்சல்.

அரை மணி நேரம் கழித்து மிக மெலிதாக ஒரு "டிக்". நான்காம் எண். கொஞ்சம் கொஞ்சமாகப் பலத்தது. பிறகு இரண்டாம் எண். பிறகு ஒன்றும் எட்டும் சேர்ந்து. எல்லாம் மேலேயிருந்து, மெதுவாக, நின்று நின்று வந்தன. ஏழாம் எண் மட்டும் வரவே இல்லை. குணசீலன் அதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். வெயில் மலைக்குப் பின்னால் போன பிறகு ஏழும் வந்து சேர்ந்தது.

அத்தனை நேரமும் அவர் கால் ஆடவில்லை. சாவி சட்டைப்பையிலேயே கிடந்தது. அவருக்கே அது தெரியாது. மாதையன்தான் கவனித்தார்.

நிலையத்துக்கு வந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். பூங்கோதை அதே மேஜையில் இருந்தார். அதே வரைபடம் விரித்தபடி கிடந்தது. குணசீலன் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டே, மாதையன் தண்ணீரைத் தட்டியதையும் மீன்கள் ஓடித் திரும்பியதையும் சொன்னார்.

"நீ முன்னாடியே கண்டுபிடிச்சுட்ட."

"நீ" என்று வந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு முந்தைய வகுப்பறைக் குரல். அவர் அதைத் திருத்திக்கொள்ளவில்லை. பூங்கோதையும் எதிர்பார்க்கவில்லை.

"ஏம்மா சொல்லலை? பதினாலு மாசம்! என்னை ஏன் இப்படி ஓட விட்டே?"

"எனக்கும் தெரியாது சார். முந்தாநாள்தான் சந்தேகம் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை துணி துவைக்க உரல்மடுவுக்குப் போனேன். சும்மா இருக்கட்டுமேன்னு ரிசீவரையும் எடுத்துட்டுப் போனேன். துவைச்சு, காயவச்சு, மடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒண்ணும் நகரலை. அன்னிக்கு நீங்களும் இல்லை, பரிசலும் இல்லை. அதுக்கு மேல எனக்குப் புரியலை."

"நேத்தே அதைச் சொல்லியிருக்கலாமே. தபால்காரன் கதை எதுக்கு?"

"சொல்லியிருந்தா, ஒரு ஞாயித்துக்கிழமையை வச்சு ரெண்டாயிரம் புள்ளியைத் தப்புன்னு சொல்றியான்னு கேட்டிருப்பீங்க."

கேட்டிருப்பார். அது அவருக்கே தெரியும்.

"கருத்தரங்குல நீங்க பேசி முடிச்சப்ப எழுந்து நின்னு கைதட்டினது யாருன்னு ஞாபகம் இருக்கா சார்?"

குணசீலன் நடப்பதை நிறுத்தினார். அது பூங்கோதைதான்.

"உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். பூங்கோதை வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினார். தலைப்பின்மேல் தன் உள்ளங்கையை வைத்து மறைத்தார்.

"இப்பப் படிங்க."

குணசீலன் பார்த்தார். புள்ளிகள் துறையில் ஆரம்பித்தன. அவர் பரிசல் ஏறும் இடம். பத்து மணி. அவர் பரிசல் ஏறும் நேரம். ஓரத் தண்ணீரோடு மேலே போயின. அவர் போன ஓரம். சேலைமடுவில் அடர்ந்தன. அங்கேதான் அவர் இறங்கி, மாதையன் வீட்டில் கேழ்வரகுக் களி சாப்பிட்டுவிட்டு, கரைப் பாதையில் நடந்து திரும்புவார். அதற்கப்பால் ஒரு புள்ளிகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

பதினான்கு மாதம் புள்ளி மேல் புள்ளி வைத்து, தன் படத்தையே வரைந்திருந்தார்.

"எல்லாம் வீண்," என்றார்.

"ஒரு புள்ளியும் தப்பில்லை சார். நேரம் சரி. இடம் சரி. ஒரு பரிசலுக்கும் ஒரு துடுப்புக்கும் பயந்து ஒன்பது மீன் தினம் ரெண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கு. இதை இவ்வளவு சுத்தமா வேற யாரும் எழுதி வைக்கலை." பூங்கோதை கையை எடுத்தார். "தலைப்பு மட்டும்தான் மாறணும்."

குணசீலன் நிமிர்ந்தார். வெள்ளிக்கிழமை கூட்டம் அவர் கண்முன் வந்தது. சேலைமடுவை மூடிவிட்டு உரல்மடுவில் விடப்போகிற மோட்டார் படகுகள் வந்தன. ஒரு துடுப்புக்கே இத்தனை புள்ளி. பிறகு மாதக் கடைசி வந்தது.

"தலைப்பை மாத்தணும்னா கமிட்டி கூடணும் மேடம். ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள என் பதிவு ரத்தாயிரும்."

"ஆமாங்க சார்."

"மறுபடி பதிவு பண்ற வயசு எனக்கு இல்லை."

"ஆமாங்க சார்."

"இந்தத் தலைப்போட கொடுத்தா யாருக்கும் தெரியாது. மாதையனுக்குக்கூடத் தெரியாது."

பூங்கோதை பேனாவின் மூடியைத் திறந்து, அதை வரைபடத்தின்மேல், அவர் கைக்கு எட்டும்படி வைத்தார்.

வெளியே ஆறு இரைந்துகொண்டிருந்தது. குணசீலன் பேனாவைப் பார்த்தார். எழுந்து கதவுவரைக்கும் போனார். திரும்பி வந்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேஜையில் வைத்தார். பேனாவை எடுத்து, தலைப்பில் இருந்த மூன்று சொற்களையும் ஒரே கோடாக அடித்தார். அதற்கு மேலே சின்ன எழுத்தில் புதிதாக எழுதினார். "பரிசல் வந்ததும் மீன்கள் ஓடிய வழி."

எழுதி முடித்ததும் அவருக்குப் பயம் வந்துவிட்டது. அதிகாரிகள், நீளமான மேஜை, கருத்தரங்கில் கைதட்டியவர்களில் நாலு பேர் அங்கேயும் இருப்பார்கள்.

"வெள்ளிக்கிழமை கேப்பாங்களே மேடம். பதினாலு மாசமா மீன் பின்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்கன்னு. என்ன சொல்றது?"

பூங்கோதை வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்து, அடியில் கையெழுத்துப் போட்டார்.

"விரட்டிக்கிட்டு இருந்தோம்னு சொல்லுங்க சார்," என்றார். "நானும் கூட வர்றேன்."